கப்பல் வந்தால் வாயு வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்.என்.ஜி. எனப்படும் திரவ இயற்கை எரிவாயுவைச் சுமந்து வந்து, தன் மேல்தளத்திலேயே அதைத் திரும்ப வாயுவாக்கிக் கரைக்குத் தள்ளும் கப்பல்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. எஃப்.எஸ்.ஆர்.யு. என்ற சுருக்கப் பெயரில் எழுதுகிறார்கள். மிதக்கும் சேமிப்பு, மறுவாயுவாக்க நிலையம் என்று அதற்குப் பொருள். இந்தச் செய்திகளில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. வாயுவை அழுத்தி அடைத்துக் கொண்டுவருவதாக எழுதுவது ஒன்று. கப்பலின் கொள்ளளவையே கிடைக்கப்போகும் வாயுவின் அளவாகப் போட்டுவிடுவது இன்னொன்று. கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் படத்தைப் போட்டு 'எரிவாயுத் தட்டுப்பாடு தீர்ந்தது' என்று தலைப்பிடுவது மூன்றாவது. முதல் இரண்டும் ஒரு வரித் திருத்தத்தில் சரியாகிவிடும். மூன்றாவதைத் திருத்தக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் சின்னப் பிழைகள். இந்தக் கப்பலின் தொட்டிகளில் அழுத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெளிக் காற்றைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். வாயுவைத் திரவமாக வைத்திருப்பது குளிர். மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் மீத்தேன் திரவமாகி, வாயுவாக இருந்தபோது எடுத்த இடத்தில் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. இந்தக் குளிரில் சாதாரணக் கப்பல் எஃகு கண்ணாடிபோல நொறுங்கும். ஆகவே தொட்டியின் உட்புறம் வேறு உலோகம். ஒரு வகையில் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு. சுருங்கி விரிய இடம் கொடுப்பதற்காக அதில் மடிப்பு மடிப்பாக வரிகள் போட்டிருப்பார்கள். இன்னொரு வகையில் 36 சதவீதம் நிக்கல் கலந்த இன்வார் என்ற உலோகம். அது குளிரில் சுருங்குவதே இல்லை எனலாம், அதனால் 0.7 மில்லிமீட்டர் தகடே போதும். இரண்டுக்கும் பின்னால் தடித்த வெப்பக்காப்பு, நடுவில் இரண்டாவது தடுப்பு. உருண்டையான அலுமினியத் தொட்டிகள் மேல்தளத்துக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கும் பழைய வகைக் கப்பல்களும் இந்த வேலையில் இருக்கின்றன.

தொட்டியைப் பற்றி இன்னொன்று. சாதாரண எல்.என்.ஜி. கப்பல் ஒன்று நிரம்பிப் போகும், அல்லது காலியாகத் திரும்பும். பாதித் தொட்டியுடன் கடலில் ஓடினால் உள்ளே திரவம் அலைமோதி மெல்லிய தகட்டையும் பின்னாலுள்ள காப்பையும் நசுக்கிவிடும். அதனால் தொட்டி உயரத்தில் 70 சதவீதத்துக்கு மேலோ, அல்லது அடியில் கொஞ்சமாகவோதான் சரக்கு இருக்கலாம் என்று, மெம்பிரேன் தொட்டிகள் எனப்படும் இந்த மெல்லிய தகட்டுத் தொட்டிகளுக்கு வரம்பு உண்டு. மறுவாயுவாக்கும் கப்பலுக்கோ பாதித் தொட்டிதான் அன்றாட நிலை. நாள்தோறும் மட்டம் இறங்கும், வாரம் ஒருமுறை ஏறும். எனவே இதற்கென்று கட்டும் கப்பலில் காப்புப் பலகைகளையும் பம்ப்பைத் தாங்கும் கோபுரத்தையும் வலுவாக்குகிறார்கள். பழைய சரக்குக் கப்பலை மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். திறந்த கடலில் நிறுத்துவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இரண்டாவது பிழை, அலகுக் குழப்பம். '1,70,000 கனமீட்டர்' என்பது திரவத்தின் அளவு. வாயுவாகும்போது அது ஏறத்தாழ 10 கோடி கனமீட்டர். பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் இவ்வகைக் கப்பல்களில் பரவலாகக் காணப்படும் திறன் நாளொன்றுக்கு 50 கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 1.4 கோடி கனமீட்டர். வகுத்துப் பாருங்கள்: முழுக் கப்பலும் ஏழு நாளில் காலி. ஆக, கப்பலைக் களஞ்சியம் என்று எண்ணக் கூடாது. ஒரு வாரத் தண்ணீர் மட்டும் பிடிக்கும் மேல்நிலைத் தொட்டியும் அதன் குழாயும் என்று எண்ணினால் சரியாக இருக்கும். அடுத்த சரக்குக் கப்பல் ஏழாம் நாள் வந்தாக வேண்டும். அதற்கு முன்பே வந்துவிட்டால் வேறு சங்கடம். வரும் கப்பலில் 1,74,000 கனமீட்டர் இருக்கும். இங்கே தொட்டியில் இன்னும் 40,000 மிச்சம் இருந்தால் முழுவதையும் இறக்க இடமில்லை. அது ஒரு பகுதியை இறக்கிவிட்டுக் காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஓடும். பிந்தினாலும் நட்டம், முந்தினாலும் நட்டம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தொட்டிக்கும் கரைக் குழாய்க்கும் நடுவில் நடப்பது என்ன?

ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் திரவத்திலேயே மூழ்கி ஓடும் பம்ப்கள் உண்டு. அவை எல்.என்.ஜி.யைச் சில பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக் காற்றின் அழுத்தம்) மேல்தளத்திலுள்ள இடைக்கலனுக்கு ஏற்றும். அங்கிருந்து உயர் அழுத்த பம்ப்கள் அதை எடுத்து, கரைக் குழாய்க்கு ஏற்றபடி 70 முதல் 100 பார் வரை தள்ளும். அதற்குப் பிறகுதான் சூடாக்கும் வேலை. முதலில் வாயுவாக்கிவிட்டுப் பிறகு ஏன் அழுத்தக் கூடாது என்று கேட்கலாம். திரவத்தை அழுத்துவது சுலபம், வாயுவை அழுத்துவது கஷ்டம். நாளுக்கு 50 கோடி கன அடி போகும் கப்பலில் உயர் அழுத்த பம்ப்களுக்குச் சில மெகாவாட் மின்சாரம் போதும். அதே வாயுவைக் கம்ப்ரசர் வைத்து அதே அழுத்தத்துக்குக் கொண்டுவர அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். அப்படி ஒரு மின்நிலையத்தைக் கப்பலில் வைக்க முடியாது.

இந்த அழுத்தத்தில் எல்.என்.ஜி. கொதிப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. மீத்தேனின் மாறுநிலை அழுத்தம் 46 பார். அதற்கு மேலே திரவம், வாயு என்ற எல்லைக்கோடே இல்லை. வெப்பமாற்றிக்குள் அடர்த்தியான குளிர்த் திரவமாக நுழைவது, குமிழி எதுவும் இல்லாமல் படிப்படியாக அடர்த்தி குறைந்து வாயுவாக வெளியேறுகிறது. 'கப்பலில் எரிவாயு கொதிக்கவைக்கப்படுகிறது' என்று எழுதுவது படிக்க நன்றாக இருக்கும்; உண்மையில்லை.

சூடாக்க வெப்பம் எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து. இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம். நாளுக்கு 50 கோடி கன அடி என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 120 கிலோ எல்.என்.ஜி. அதை மைனஸ் 160-இலிருந்து பூச்சியத்துக்குச் சற்று மேலே கொண்டுவர கிலோவுக்கு ஏறத்தாழ 700 கிலோஜூல் வேண்டும். ஆக 80 மெகாவாட்டுக்கு மேல். கடல்நீர் 7 டிகிரி குளிர்ந்து வெளியேறலாம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 10,000 கனமீட்டருக்கு மேல் கடல்நீரை உள்ளே இழுத்து வெளியே விட வேண்டும். ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்று 2,500 கனமீட்டர். மணிக்கு நான்கு குளங்கள், இரவும் பகலும்.

கடல்நீரையும் எல்.என்.ஜி.யையும் ஒரே உலோகச் சுவரின் இருபுறமும் நேரடியாக விட்டால் நீர்ப்பக்கம் பனி பிடிக்கும். பனி தடிக்கத் தடிக்க நீரோட்டம் குறையும். குறைந்தால் இன்னும் பனி. கடைசியில் குழாய் வெடிப்பு. அதனால் பல வடிவமைப்புகளில் நடுவே ஓர் இடையாள் உண்டு: புரொப்பேன், அல்லது எளிதில் உறையாதபடி தண்ணீரில் கலக்கும் கிளைக்கால் என்ற திரவம். புரொப்பேன் கடல்நீரிடமிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகி, எல்.என்.ஜி.யிடம் அதைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகும். எல்.என்.ஜி.யின் குளிரிலும் அது உறைவதில்லை. ஆனால் எரியும் பொருள் இன்னொன்று மேல்தளத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கிளைக்காலுக்கு அந்த ஆபத்து இல்லை. உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நிறைய ஓட வேண்டும். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நேரடிக் கடல்நீர்க் குழாய் வெப்பமாற்றிகளும் வேலை செய்கின்றன, நீரோட்டம் குறைந்த கணத்திலேயே எல்.என்.ஜி. வால்வை மூடும் காப்பு நம்பகமாக இருந்தால்.

வெளியேறும் வாயுவுக்கும் ஒரு காவல் உண்டு. கரைக்குப் போகும் குழாய் சாதாரணக் கார்பன் எஃகு. வாயு போதிய அளவு சூடாகாமல் அதற்குள் போனால் குழாயே நொறுங்கும் நிலைக்குப் போகும். ஆகவே வெளியேறும் வெப்பநிலை நிர்ணயித்த அளவுக்குக் கீழே இறங்கியதும், பம்ப்பும் வெப்பமாற்றியும் சேர்ந்த அந்த வரிசை தானாக நின்றுவிடும். இப்படி நிற்பதற்கு மிகச் சாதாரணக் காரணங்கள் உண்டு. ஜெல்லிமீன் கூட்டம் ஒன்று கடல்நீர் வடிகட்டியை அடைத்தால் போதும். புயலுக்குப் பிறகு சேறும் பாசியும் வந்தாலும் அப்படியே. உயர் அழுத்த பம்ப்புக்கு முன்னாலுள்ள இடைக்கலனில் திரவ மட்டம் தாழ்ந்தாலோ, உள்ளே வரும் திரவம் சற்றே சூடாகி இருந்தாலோ, பம்ப்புக்குள் ஆவிக் குமிழி புகுந்து பேரிங்குகளைத் தேய்க்கும். பம்ப்பை எல்.என்.ஜி.யே குளிர்வித்து மசகிடுகிறது. வேறு எண்ணெய் கிடையாது. அதனால்தான் இத்தகைய கப்பல்களில் ஒரே வரிசைக்குப் பதிலாக மூன்று நான்கு வரிசைகள் வைத்து, ஒன்றை மாற்றாக ஒதுக்குகிறார்கள். கப்பலின் 'அதிகபட்சத் திறன்' என்ற எண் மாற்று வரிசையும் சேர்ந்து ஓடும்போது கிடைப்பது. அன்றாடம் நம்பத்தக்க எண் அதைவிடக் குறைவு. செய்தியில் எந்த எண்ணைப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

கடல்நீர் குளிர்ந்த பகுதிகளில் இந்த முறை பலிக்காது. 28 டிகிரி கடலுக்கு 7 டிகிரி இழப்பு ஒன்றுமே இல்லை. குளிர்காலத்தில் 8 டிகிரிக்கு இறங்கும் கடலில் 7 டிகிரி எடுத்தால் மிஞ்சுவது ஒன்று. உலோகச் சுவரை ஒட்டிய நீர் அதற்கு முன்பே உறைந்திருக்கும். அங்கே கப்பலின் கொதிகலனில் நீராவி எழுப்பி அதைக் கொண்டு சூடாக்க வேண்டும். இதை மூடிய சுற்று என்பார்கள். எரிபொருள் அதே எல்.என்.ஜி.தான், சரக்கில் ஏறத்தாழ 2 சதவீதம் இதற்கே போய்விடும். கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஐம்பது கப்பல் சரக்கு இறக்கினால் ஒரு முழுக் கப்பல் சரக்கு கடலைக் குளிர்விக்காமல் விட்டதற்கு விலையாகப் போகிறது. கடல்நீரால் சூடாக்கும் திறந்த சுற்றா, மூடிய சுற்றா, இரண்டும் கலந்ததா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படும் விஷயம். செய்தியில் மட்டும் வருவதில்லை.

திறந்த சுற்றுக்கும் விலை உண்டு. அதைக் கடல் கொடுக்கிறது. குழாய்களில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க, கடல்நீரையே மின்பகுப்பு செய்து குளோரின் உண்டாக்கிக் கலக்கிறார்கள். அது வெளியேறும் நீரிலும் எஞ்சும். உள்ளே இழுக்கப்படும் நீரோடு மீன்முட்டைகளும் இளம் உயிரிகளும் போகின்றன. உலக வங்கிக் குழுமத்தின் வழிகாட்டுதல், கலக்கும் பகுதியின் விளிம்பில் வெப்பநிலை மாற்றம் 3 டிகிரிக்குள்ளும், எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. அலை அடித்து ஓடும் திறந்த கரையில் இதை எட்டுவது கடினமல்ல. மூடிய உப்பங்கழியில் கடினம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் இப்படி ஒரு கப்பலை நிறுத்தும் திட்டத்தை, சதுப்புநிலத்துக்கு வரும் பாதிப்பைக் காட்டி, 2021-இல் மாநில அரசு நிராகரித்தது. ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலும் குளோரின் பற்றிக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இவற்றை வளர்ச்சிக்கு எதிரான கூச்சல் என்று தள்ளிவிடுவது நேர்மையல்ல. இடத்தைப் பொறுத்த கேள்வி இது, எண்களைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது, வாயு யாருக்கும் வேண்டாத நாளில் என்ன ஆகும்? எவ்வளவு நல்ல காப்பு இருந்தாலும் வெப்பம் கசிந்து உள்ளே போகும், எல்.என்.ஜி. தானாகக் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 0.15 சதவீதம் என்பது பழைய கணக்கு. புதிய தொட்டிகளில் 0.1-க்கும் கீழே வந்திருக்கிறது. 1,70,000 கனமீட்டரில் 0.15 சதவீதம் 255 கனமீட்டர் திரவம், நூறு டன்னுக்கு மேல். இந்த ஆவியில் ஒரு பகுதியைக் கப்பலின் எஞ்சின் எரித்து மின்சாரமாக்கும். மிச்சத்தை இடைக்கலனில் குளிர்ந்த எல்.என்.ஜி.யோடு கலந்து திரும்பத் திரவமாக்கிக் கரைக்கே அனுப்பிவிடலாம். கரைக்குப் போதிய ஓட்டம் இருக்கும்வரை இது அழகாக நடக்கும். மின்நிலையம் நின்று கரை வால்வை மூடச் சொன்னால், கலக்கக் குளிர்த் திரவ ஓட்டம் இல்லை. தொட்டி அழுத்தம் ஏறும். பிறகு மூன்றே வழி: சிறிய கம்ப்ரசர் வைத்து ஆவியைக் கரைக்குத் தள்ளுவது, எரிப்பானில் வீணே எரிப்பது, அழுத்தம் ஏறப் பொறுத்திருப்பது. சாதாரணக் கப்பல் தொட்டியின் காப்பு வால்வு 250 மில்லிபாரில் திறக்கும். சில மறுவாயுவாக்கும் கப்பல்களில் அதை 700 வரை உயர்த்துகிறார்கள். அதனால் கிடைக்கும் கூடுதல் அவகாசம் சில நாட்கள்தான். ஆக, 'தேவைப்படும்போது மட்டும் வாயு எடுத்துக்கொள்ளலாம்' என்ற வாக்குறுதி எங்கே வந்தாலும், குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். வாங்காவிட்டாலும் வாடகை ஓடும் என்பது வேறு.

பல நாடுகளிலிருந்து சரக்கு வாங்கும்போது இன்னொரு ஆபத்து, அடுக்கு புரளுதல். ஈத்தேன் அதிகமுள்ள எல்.என்.ஜி. கனம், சுத்த மீத்தேன் இலேசு. கனமானது அடியில் தங்கி இலேசானது மேலே நின்றால் இரண்டும் கலப்பதில்லை. அடி அடுக்கு வெப்பம் வாங்கும், மேலேயுள்ள பாரத்தால் ஆவியாக முடியாது. மேல் அடுக்கு ஆவியை விட்டுவிட்டு மெல்லக் கனக்கும். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகும் கணத்தில் தொட்டி தலைகீழாகப் புரண்டு, அடியில் சேர்ந்த வெப்பம் அத்தனையும் ஆவியாக வெளியேறும். 1971 ஆகஸ்டில் இத்தாலியின் லா ஸ்பேசியா நிலையத்தில் இது நடந்தது. நெடுநாள் கப்பலிலேயே கிடந்து கனமும் சூடும் ஏறிய சரக்கைத் தொட்டியின் அடியில் இறக்கினார்கள். ஏறத்தாழ 18 மணி நேரம் கழித்துத் தொட்டி புரண்டு, 2,000 டன் அளவுக்கு ஆவி வெளியேறியது. தீப்பிடிக்காமல் போனது நல்ல காலம். இன்று அடர்த்தியை அளந்து, கனமான சரக்கை மேலிருந்தும் இலேசானதைக் கீழிருந்தும் ஏற்றி, பம்ப்பால் சுழற்றிக் கலக்கிவிடுகிறார்கள். காரணம் தெரிந்த ஆபத்து. கவனம் தவறினால்தான் ஆபத்து.

ஆனாலும் இயந்திரக் கோளாறுகளைவிட அதிக நாட்களைத் தின்பது கப்பலுக்கு வெளியே இருப்பதுதான். சரக்குக் கப்பல் வந்து, இந்தக் கப்பலின் விலாவோடு விலாவாகக் கட்டப்பட வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 290 மீட்டர் நீளம். நடுவில் பெரிய ரப்பர் மிதவைத் தாங்கிகள். 8 அல்லது 10 அங்குல நெகிழ்குழாய்கள் திரவத்துக்குப் பல, ஆவி திரும்பிப் போக இரண்டு. கட்டியதும் திறந்துவிட முடியாது. இரு கப்பல்களின் அவசர நிறுத்தச் சமிக்ஞையையும் இணைத்துச் சூடான நிலையில் ஒருமுறை சோதிக்க வேண்டும். குழாய்களை நைட்ரஜனால் ஊதி உள்ளேயுள்ள ஆக்ஸிஜனையும் ஈரத்தையும் விரட்ட வேண்டும், கசிவு பார்க்க வேண்டும். பிறகு சிறு ஓட்டத்தில் குளிர்விக்க வேண்டும். அவசரப்பட்டால் இணைப்பு வளையம் ஒருபுறம் சுருங்கி மறுபுறம் விரிந்து கசியும். குளிர்ந்த நிலையில் மறுபடி அவசர நிறுத்தச் சோதனை. அதன் பிறகே முழு ஓட்டம், மணிக்கு 5,000, 6,000 கனமீட்டர் வாக்கில். இணைப்பு இருக்கும் இடத்தின் கீழே எஃகுத் தட்டும், கப்பலின் பக்கவாட்டில் ஓடும் நீர்த்திரையும் கட்டாயம். ஒரு வாளி எல்.என்.ஜி. மேல்தளத்தில் கொட்டினால்கூடச் சாதாரண எஃகு பிளக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் தொட்டி மட்டம், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் அளந்து கணக்கிடுவார்கள். விலை கனமீட்டருக்கு அல்ல, அதிலுள்ள வெப்ப ஆற்றலுக்கு. கட்டுவது முதல் அவிழ்ப்பது வரை ஒன்றரை நாள் ஆவது சகஜம். இடையில் அலை ஒன்றரை, இரண்டு மீட்டரைத் தாண்டினால் பொதுவாக இழுவைப் படகுகளே வேலை செய்ய முடியாது. சரக்குக் கப்பல் வெளியே நிற்கும், ஏழு நாள் கணக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

வங்கதேசத்தின் மகேஷ்காலி இதற்கு நல்ல பாடம். அங்கே முதல் கப்பல் 2018 ஏப்ரல் இறுதியில் வந்துசேர்ந்தது. வாயு கரைக்கு வந்தது ஆகஸ்டில். கடலடிக் குழாய் இணைப்பில் கோளாறு, சரிசெய்ய முக்குளிப்பவர் இறங்க முடியாதபடி பருவமழைக் கடல். நான்கு மாதம் கப்பல் நின்றது, சரக்கும் நின்றது. 2024 மே மாதம் ரெமால் புயலில் அறுந்து வந்த எஃகு மிதவை ஒன்று அங்கிருந்த இரண்டாவது கப்பலின் விலாவைச் சேதப்படுத்தியது. அது பழுதுபார்க்க சிங்கப்பூர் வரை போனது, விநியோகம் மீண்டபோது செப்டம்பர். பாகிஸ்தானில் காசிம் துறைமுகத்துக் கப்பல் ஒன்று 2021-இல் உலர்துறைக்குப் போகவேண்டி வந்தபோது, மாற்றுக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தும் நாட்களில் மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் வாயு குறைந்தது. கப்பல் என்றால் அடிப்பாகத்தைப் பார்க்க உலர்துறைக்குப் போகும் முறை வரும். அது முன்கூட்டியே தெரிந்த தேதி. ஒப்பந்தத்தில் மாற்றுக் கப்பல் எழுதியிருக்கிறதா என்பதைத் தட்டுப்பாடு வந்த பிறகு தேடுவது வழக்கமாகிவிட்டது.

ஆழமும் பொய் சொல்லாது. நிரம்பிய கப்பல் ஏறத்தாழ 12 மீட்டர் மூழ்கும். ஜெர்மனியின் லுப்மினில் அந்த ஆழம் இல்லாததால், பெரிய கப்பல் வெளிக்கடலில் நின்று, சிறு கப்பல்கள் எல்.என்.ஜி.யைச் சுமந்து கொண்டுபோய் உள்ளே நின்ற கப்பலுக்கு ஊற்றின. செலவும் கூடியது, தாமதமும் கூடியது. ஓராண்டு சொச்சத்தில் அந்தக் கப்பலை அங்கிருந்து நகர்த்திவிட்டார்கள்.

இத்தனையும் சொல்வதால் இந்தக் கப்பல்கள் வேண்டாத வேலை என்று பொருளாகாது. 2005-இல் எக்செல்சியர் என்ற கப்பல் மெக்சிகோ வளைகுடாவில் மிதவை ஒன்றில் இணைந்து முதன்முதலாக வாயு அனுப்பியது முதல், இந்த யோசனை தன்னை நிரூபித்திருக்கிறது. லித்துவேனியா 2014-இல் கிளைபேடாவில் 1,70,000 கனமீட்டர் கப்பலை நிறுத்தியதும், ஒரே விற்பனையாளரிடம் கையேந்தும் நிலை போயிற்று. எகிப்து 2015-இல் இரண்டு கப்பல்களை நிறுத்தியது. சொந்தக் கடலில் ஸோர் என்ற எரிவாயு வயலின் உற்பத்தி கூடியதும் 2018-இல் இறக்குமதியை நிறுத்தியது. 2024-இல் தேவை திரும்பியதும் இன்னொரு கப்பல் வந்தது. கரையில் கட்டிய நிலையம் இப்படி வந்து போகாது. அவசரத்துக்குச் சிறந்த உதாரணமாக எல்லோரும் காட்டுவது வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்: 2022 மே மாதம் துறை வேலை தொடங்கி, டிசம்பரில் வாயு ஓடியது. கவனித்துப் பாருங்கள். கப்பல் ஏற்கெனவே கட்டி முடிந்து உலகில் சுற்றிக்கொண்டிருந்த ஒன்று. அந்த மாதங்களில் நடந்த வேலை, துறையை அமைப்பதும் 26 கிலோமீட்டர் குழாய் பதிப்பதும். சும்மா இருக்கும் கப்பல் கிடைக்காவிட்டால், புதிதாகக் கட்ட இரண்டரை, மூன்று ஆண்டுகள். பழைய கப்பலை மாற்ற ஓராண்டுக்குக் குறையாது. 2022-இல் ஐரோப்பா முழுவதும் ஒரே நேரத்தில் தேடியதால் வாடகை எகிறியதும், வேறு நாடுகளுக்குப் போகவேண்டியவை திசைமாறியதும் இதனால்தான்.

பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி மட்டும், ஏனென்றால் அதில் மிகைப்படுத்தல் இரண்டு பக்கமும் இருக்கிறது. தொட்டியில் உள்ள திரவம் வெடிக்காது, எரியாது; எரிவது அதன் ஆவி, அதுவும் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது மட்டும். ஆனால் 'மீத்தேன் காற்றைவிட இலேசு, மேலே பறந்துவிடும்' என்று ஆறுதல் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மைனஸ் 110 டிகிரிக்குக் கீழே அந்த ஆவி காற்றைவிடக் கனம். கசிந்ததும் வெண்மூட்டமாகத் தரையோடும் நீரோடும் ஊர்ந்து போகும். சூடான பிறகே மேலெழும். அந்த ஊர்தல் தூரம் எவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் கப்பலைச் சுற்றித் தடைவட்டம் போடுகிறார்கள். மீன்பிடிப் படகுகளுக்கு அந்த வட்டத்தின் அளவு வாழ்க்கைப் பிரச்சினை. அதை வரைபடத்தோடு வெளியிடுவது நாளிதழின் வேலை.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு கப்பல் பற்றிச் செய்தி வரும்போது, கீழ்க்கண்ட எண்களைக் கேட்டு வாங்கிப் போடும்படி உங்கள் நிருபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்று வரிசை நீங்கலாக அன்றாடம் தரக்கூடிய ஓட்டம் எவ்வளவு, குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு. மிகக் குளிர்ந்த மாதத்தில் கடல்நீரின் வெப்பநிலை என்ன, அப்போது எந்தச் சுற்றில் ஓடும். ஆண்டில் எத்தனை நாள் அலையால் சரக்கு ஏற்ற முடியாது. குழாய் எங்கே முடிகிறது, அந்த முனையில் வாங்குபவர் தயாரா. உலர்துறைத் தேதி எப்போது, மாற்றுக் கப்பல் யார் பொறுப்பு. நாள் வாடகை எவ்வளவு, வாயு ஓடாத நாளில் அதை யார் கட்டுவது. கப்பல் நுழையும் படத்தை நிச்சயம் போடுங்கள், அழகான படம்தான். வாயு முதன்முதலாகக் கரைக் குழாயின் அளவுமானியைக் கடந்த தேதியையும் அதனடியில் போடுங்கள்; இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று வாசகர்களே எண்ணிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
எரிவாயுக் கப்பல் பொறியியல் அறிந்த வாசகர்